சொந்த ஊர் எது சார்?

மும்பையில் வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நாலு தலைப்பில் பணம் தருகிறார்கள். மாதா மாதம் வாடகை ஒன்று. அந்த வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் புரோக்கருக்கு ஒன்று. சாமான் ஏற்றி இறக்க ஒன்று. கடைசியில் கார்பஸ் என்று ஒன்று. அது எதற்கு என்று சொசைட்டி மீட்டிங்கில் பில்டரின் ஆள் ஹிந்தியிலும் எங்கள் செகரட்டரி மராத்தியிலும் விளக்கினார்கள். புரிந்ததோ இல்லையோ, எல்லாரும் கை தூக்கினோம். செம்பூர் திலக் நகரில் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அதே இடத்தில் லிஃப்ட்டும் போடியம் பார்க்கிங்குமாக டவர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. லிஃப்ட் இல்லாத எங்கள் நாலு மாடிக்கும் முறை வந்துவிட்டது. மூன்று வருஷம் வெளியே இருங்கள், திரும்பி வரும்போது கூடுதல் சதுர அடியோடு புது வீடு என்கிறது ஒப்பந்தம்.

1977-ல் நான் வந்தபோது இந்த ஊர் உள்ளே நுழையக் காசு கேட்டது. இப்போது வெளியே போகக் காசு தருகிறது. முன்னேற்றம்தான்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் சுற்றுவட்டாரத்தில் பல கட்டடங்கள் ஒரே சமயத்தில் காலியாகின்றன. பேரப்பிள்ளையின் ஸ்கூல், பழகின டாக்டர், சேடா நகர் முருகன் கோயில் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் செம்பூரை விட்டு நகராமல் இருக்க ஒரு காரணம் இருக்கிறது. வாடகைக்கு விடுகிற ஓனர்களுக்கோ, பில்டர் எங்களுக்குத் தரும் தொகை பைசா சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் ஐயாயிரம் வைத்துத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். என் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மூணு வருசந்தான. மெட்ராஸ்ல போயி இருந்துட்டு வருவோம். மக பக்கத்துல இருந்தாப்லயும் ஆச்சு" என்றாள். செம்பூர் பில்டர் தரும் காசுக்குச் சென்னையில் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. பம்பாயில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு அறை என்றால் என்ன விலை என்று தெரியாதா?

நான் வந்த வருஷம் மூட்டை கட்டும் பொறுப்பைச் சித்தப்பாவின் போஸ்ட் கார்டு ஏற்றுக்கொண்டது. சித்தப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, தாராவியில் கோலி, அதாவது ஒற்றை அறை. கார்டில் இப்படி எழுதியிருந்தார்: பேண்ட் இரண்டு, சட்டை மூன்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் டைப்ரைட்டிங் ஹையர் சர்ட்டிபிகேட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம், பனியனுக்குள் வைத்துக்கொள். சித்திக்குக் கருப்பட்டி, சுண்ட வத்தல். லுங்கி கொண்டு வராதே. கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு.

கருப்பட்டிக்கும் லுங்கிக்கும் நடுவில் இருந்த அரசியல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், பம்பாய் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலாகவே போட்டுவந்தது. லுங்கியை விரட்டு என்பது அந்தக் காலத்துக் கோஷம். நான் வரும்போது அடிதடி அடங்கிவிட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் சித்தப்பா கடைசி வரைக்கும் பைஜாமாவில்தான் தூங்கினார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே கட்டிக்கொள்வார்.

திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் வரைக்கும் மீட்டர் கேஜ். எழும்பூரில் இறங்கி, ட்ரங்குப் பெட்டியும் ஹோல்டாலுமாக ரிக்‌ஷாவில் சென்ட்ரல் போய், அங்கே பிராட் கேஜில் பம்பாய் மெயில். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், ஷோலாப்பூர், புனே என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக டீயின் ருசி மாறிக்கொண்டே வந்தது. ட்ரங்கின் மேல் அப்பா சிவப்புப் பெயிண்டில் என் பெயரையும் 'பம்பாய்' என்பதையும் எழுதியிருந்தார். இடம் போதாததால் கடைசி எழுத்து பூட்டுக்கு அடியில் போய்விட்டது. அந்த உருப்படிகளுக்கு இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது. ராத்திரி தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பதுதான் இன்ஷூரன்ஸ்.

இப்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வீடியோ காலில் வந்தான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து காட்டச் சொன்னான். பீரோ ரெண்டு, வாஷிங் மெஷின், டில்டிங் கிரைண்டர், 'மந்திர்' ஒன்று. எங்கள் சாமி அலமாரி அவன் பட்டியலில் மந்திராக ஏறிவிட்டது. பால்கனி மூலையில் கிடந்த அம்மியையும் குழவியையும் பார்த்து, "யே பத்தர் பி ஜாயேகா?" என்று கேட்டான். இந்தக் கல்லும் வருமா? வரும் என்றாள் என் மனைவி. லாரி புனே, கோலாப்பூர், பெல்காம், ஹுப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகும் என்றும், ஒவ்வொரு சாமானுக்கும் மதிப்புப் போட்டால் அதில் இத்தனை சதவீதம் ட்ரான்சிட் இன்ஷூரன்ஸ் என்றும் சொன்னான். அம்மியின் இன்றைய மதிப்பு என்ன? அது என் மாமியார் வீட்டுச் சீர். நான் ஐந்நூறு ரூபாய் என்றேன். மனைவி அன்று முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேக் செய்ய வந்தவர்களில் ஒருவனுக்கு இருபது வயதிருக்கும், பீகார்க்காரன். அரிவாள்மணையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். என்ன ஆயுதம் என்று அவனுக்குப் புரியவில்லை. என் மனைவி தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்தி, இல்லாத ஒரு வெண்டைக்காயை நறுக்கிக் காட்டினாள். அவன் சிரித்தான். பிறகு ஒரு அட்டையை இரண்டாக மடித்து அலகின் மேல் செருகி, அதன் மேல் பபிள் ராப், அதன் மேல் டேப். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். பிறந்த பிள்ளைக்குத் துணி சுற்றுகிற பக்குவம். பெட்டியில் வைத்து மூடி, ஹிந்தியில் 'கத்ரா' என்று எழுதினான். ஆபத்து. அதற்குக் கீழே போக வேண்டிய ஊர்: 'மத்ராஸ்'. பம்பாய் 1995-ல் மும்பையானது, மெட்ராஸ் 1996-ல் சென்னையானது. அதற்கெல்லாம் பின்னால் பிறந்த பையன் அவன். அவனிடம் மத்ராஸ் மத்ராஸாகவே இருந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எதை வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம், பேப்பரை மட்டும் தொடாதே என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். பம்பாயில் பேப்பர்தான் வீடு. இதைப் புரிந்துகொள்ளத் தாராவிக்குத்தான் போக வேண்டும்.

சித்தப்பாவின் கோலி பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு மூலையில் மோரி. குளிக்க, பாத்திரம் கழுவ, அரிசி களைய எல்லாம் அந்த ஒரு முழ இடத்தில். மேலே பலகை அடித்த மாளா, ஏறுவதற்கு இரும்பு ஏணி. சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் கீழே. மாளாவில் நானும், ஊரிலிருந்து எனக்கு முன்னால் வந்த இன்னும் இரண்டு பேரும். அதில் ஒருவனுக்குத் தோல் பதனிடும் பட்டறையில் ராத்திரி ஷிப்ட் என்பதால், கணக்குப்படி மூன்று பேர் என்றாலும் படுக்கையில் இரண்டு பேர்தான். எழுந்து நிற்க முடியாது. தகரத்தில் தலை இடிக்கும். நான் வேலைக்குப் போன முதல் மாசத்திலிருந்து சித்தியின் கையில் முப்பது ரூபாய் கொடுத்தேன். அதை வாடகை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாசம் தள்ளிக் கொடுத்தபோது ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது.

எங்கள் சந்து முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள்தான். அடுத்த சந்தில் நாங்குநேரிப் பக்கம். அதற்கடுத்து ராதாபுரம். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ் முஸ்லிம்கள். தாராவிக்குத் தோல் தொழிலைக் கொண்டுவந்ததில் திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்குண்டு. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தாராவி ஒரே குவியலாகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு சந்துக்கும் ஊர் உண்டு, ஊருக்குள் தெரு உண்டு. சித்தப்பா எனக்கு இடம் கொடுத்ததைப் பெரிய தியாகமாக இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பேசுவார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. அதே வருஷம் கோயில்பட்டிக்காரன் ஒருவன், எங்கள் ஆள் இல்லை, கையில் முன்பணத்தோடு எங்கள் சந்தில் இடம் கேட்டு வந்தான். அதே சித்தப்பா வாசலில் நின்றபடியே, "எடமில்லையே தம்பி" என்று அனுப்பிவைத்தார். மாளாவில் அப்போது ஒரு ஆள் ஊருக்குப் போயிருந்தான்.

1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத்தை வீட்டு வாசலில் நிறுத்திப் படம் பிடித்து போட்டோ பாஸ் கொடுத்தது. சித்தப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். படத்தில் சித்தி கையில் சிலேட்டோடு முறைத்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பின், எந்தத் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்தால் உரிமை என்ற கெடு, தேர்தலுக்குத் தேர்தல் நகர்ந்தது. 1985 என்றார்கள், 1995 என்றார்கள், இப்போது 2000 ஜனவரி 1. 2022-ல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டுத் தாராவி மறுசீரமைப்பை எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகச் சர்வே எடுத்து, கதவுகளில் எண் போட ஆரம்பித்தார்கள். 2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மாடியில் இருந்தவருக்குத் தாராவிக்கு வெளியே எங்காவது 300 சதுர அடி, அதுவும் வாடகைக்கு. வேண்டுமானால் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா மகன், என் தம்பி, இன்னும் அதே கோலியில்தான் இருக்கிறான். மாளா இருந்த இடத்தில் இப்போது ஒரு முழு மாடி ஏற்றி, ஏணியை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறான். நாங்கள் சென்னைக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லிக்கொள்ளப் போனபோது காப்பி கொடுத்துவிட்டு, "நீங்க படுத்துக் கெடந்த எடத்துக்கு இப்ப ஹையர் பர்ச்சேஸாம்ணே" என்றான். இங்கே பில்டர் எனக்குத் தரும் வாடகை எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். மேலே தகரத்தைப் பார்த்தான். கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தானோ, நான் சொல்லியிருக்க வேண்டாமோ, தெரியவில்லை.

அன்றைக்கு வீடு கிடைக்காததற்குச் சந்தின் மனசு மட்டும் காரணம் இல்லை, சட்டமும் காரணம். 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் கட்டிப்போட்டது. வாடகை ஏறாது என்றானதும் வீட்டுக்காரர்கள் பகடியைப் பிடித்துக்கொண்டார்கள். மொத்தமாக ஒரு பெரிய தொகை, ரசீது கிடையாது. அப்புறம் மாதம் பேருக்கு ஒரு வாடகை. பகடிக்கு வசதி இல்லாதவர்களுக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற சந்து ஒன்று இருந்தது. 1973-ல் அதையும் திருத்தினார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் குடியிருந்தவர்கள் எல்லாரும் இனி வாடகைதாரர்கள், அவர்களைக் கிளப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. நான் வந்து சேர்ந்த நேரத்தில், பம்பாயில் பூட்டிக் கிடந்த வீடுகளின் சாவி வைத்திருந்தவர்கள் எல்லாம், அன்னியன் ஒருவன் ஒரு ராத்திரி தங்கினாலே வீடு போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வாடகைதாரரைக் காக்க வந்த சட்டம் வாடகைக்கு வீடு தேடுகிறவனை மாளாவில் ஏற்றியது. 1999-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் இந்தப் பயம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குள் நான் தாத்தாவாகிற வயதை நெருங்கிவிட்டேன்.

ஃபோர்ட்டில் ஸ்டெனோ வேலை நிரந்தரமானதும், இனி மாளா போதும் என்று மாட்டுங்காவில் ரூம் தேடினேன். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ரயில் தண்டவாளம், அதன் மேல் ஒரு பாலம். நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தப் பக்கம் இன்னொரு தமிழ்நாடு. தெற்கத்தியப் பிள்ளைகளுக்காக 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், ஆஸ்திக சமாஜம், பஜனை, மல்லிகைப்பூ, டிகிரி காப்பி எல்லாம் அங்கே உண்டு. என் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். பண்டார்கர் ரோடு பக்கத்தில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். மாமா சீட்டைப் படித்தார். முகம் மலர்ந்தது. "திருநெல்வேலியா! தாமிரபரணி ஜலம்னா ஜலம்! உக்காருங்கோ" என்றார். உள்ளே குரல் கொடுத்தார். காப்பி வந்தது, டவரா டம்ளரில்.

"சொந்த ஊர் எது?"

சொன்னேன்.

"அடடே, அங்கே எந்தத் தெரு?"

சொன்னேன்.

மாமா சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். சூப்பரின்டெண்டென்ட் இதை விட்டுவிட்டாரே என்பது போல. பிறகு, "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கப்படாதோ? ரூம் நேத்திக்குத்தான் போயிடுத்து" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்ல காப்பி. அதை வைத்துவிட்டு வர என்ன காரணம் இருக்கிறது?

அப்படியே ஸ்டேஷன் பக்கம் வந்து ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் மாடியேறினேன். 1942-லிருந்து நடக்கிற இடம். காசு கட்டி முறை வந்தால் எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று யாரும் கேட்பதில்லை. பரிமாறுகிறவருக்குச் சாம்பாரா ரசமா என்பது தவிர வேறு கேள்வி இல்லை. மாட்டுங்காவில் சாப்பிட எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். படித்துவிட்டு வேலை தேடி பம்பாய்க்கு வரும் இளைஞனை நாஞ்சில் நாடன் 'மிதவை' நாவலில் எழுதிவிட்டார். அவரும் அந்தக் காலத்தில் பம்பாயில் இருந்தவர்தான். அதனால் என் பேச்சிலர் காலத்தை நான் நீட்டி எழுதப்போவதில்லை.

கல்யாணம் ஆனதும் செம்பூர். செம்பூரை அப்போது 'கேஸ் சேம்பர்' என்பார்கள். ஒரு பக்கம் உரத் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் மாஹுல் ரிஃபைனரிகள். காற்று திரும்பினால் கண் எரியும். அந்த எரிச்சல்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வாடகை மானியம். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தவனிடம் யாரும் தெருப்பெயர் கேட்கவில்லை. பிறகு திலக் நகரில் ஹவுசிங் போர்டு வீடு கிடைத்த ஒருவரிடமிருந்து அதை விலைக்கு வாங்கினேன். கடன் தீர்வதற்குள் பிள்ளைகள் கல்லூரி போய்விட்டார்கள். 2013-ல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே வந்தது. அடுத்த வருஷம் மோனோ ரயிலும் சாந்தாக்ரூஸ் லிங்க் ரோடும் வந்தன. ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோவை 2019-ல் கோத்ரெஜ் வாங்கிக் குடியிருப்பு கட்டப் போனது. கேஸ் சேம்பர் என்ற பெயர் புரோக்கர்கள் வாயிலிருந்து மறைந்தது. கனெக்டிவிட்டி என்ற பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. ரிஃபைனரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

சென்னை என்று முடிவாவதற்கு முன், செம்பூரிலேயே ஒரு வீட்டை அனேகமாக முடித்துவிட்டோம். ஆப்பில் பார்த்த வீடு. ஃபேமிலியா பேச்சிலரா, வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று விரலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். மாமா காப்பி கொடுத்துக் கேட்டதை இது காப்பி இல்லாமல் கேட்கிறது. சொசைட்டியில் பெரும்பாலும் குஜராத்திகள். கமிட்டியைப் பார்க்க வரச் சொன்னார்கள். செகரட்டரி எங்கள் பெயரைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், சந்தோஷமாக, "சவுத் இண்டியன்! இட்லி சாம்பார்! நோ ப்ராப்ளம்" என்றார். எந்தத் தெரு என்ற கேள்வியே இல்லை. மாட்டுங்காவில் தெருப்பெயரால் இழந்ததை, தெருவே இல்லாத ஒரு பெரிய 'சவுத் இண்டியன்' ஆகி செம்பூரில் ஜெயித்துவிட்டேன். விந்திய மலைக்குத் தெற்கே இருப்பவர்கள் எல்லாரும் சைவம் என்று நம்பும் அளவுக்கு ஒரு மனிதர் அப்பாவியாக இருக்கும்போது, அதைக் கெடுப்பானேன் என்று நான் பேசாமல் இருந்தேன். என் மனைவிதான், "நெத்திலி வாங்குவோம். ஞாயித்துக்கெழமை கருவாடும் உண்டு. அப்புறமா வாசம் வருதுன்னு சொல்லப்படாது பாருங்க" என்று தன் பம்பாய் ஹிந்தியில் போட்டு உடைத்தாள். செகரட்டரி முகத்தில் பழைய மாமாவைப் பார்த்தேன். "ஏக் தின் பஹ்லே ஆதே" என்றார். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால். மொழிதான் வேறே.

சென்னையில் மகள் வீடு பார்த்தாள். நாங்கள் வீடியோவில் பார்த்தோம். புரோக்கர் ஹாலைக் காட்டிக்கொண்டே, "போர் தண்ணி இருவத்தினாலு மணி நேரமும் வரும், ஈபி தனி, மெயின்டனன்ஸ் தனி" என்றார். அட்வான்ஸ் பத்து மாசம். மும்பையில் டெபாசிட் இவ்வளவு போகாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது என்று நான் ஸ்டெனோ தோரணையில் எடுத்துச் சொன்னேன். "அந்த வேற ஒப்பந்தம்தான் சார் நம்ம ஓனர்" என்றார் புரோக்கர். ஆள் கெட்டிக்காரர்.

பிறகு கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"சொந்த ஊர் எது சார்?"

"மும்பை."

"அது இருக்கட்டும் சார். சொந்த ஊரு?"

"திருநெல்வேலி."

"டவுனா, பக்கத்துலயா?"

"பக்கத்துல."

"எந்தப் பக்கம் சார்? எங்க மாமனார் ஊரும் அங்கிட்டுதான்."

மகள் பின்னாலிருந்து, "அப்பா, கட் பண்ணுங்க" என்றாள். தெருவைக் கேட்கிற வழக்கம் போய்விட்டது. ஊரைச் சொன்னால் தெருவைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். சில வீடுகளில் கணக்கு சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது. "ஓனர் தம்பிக்கே வேணுமாம் சார்" என்று பதில் வந்தது. வேறு சில வீடுகளில் எங்கள் தமிழ்தான் இடித்தது. "மும்பை பார்ட்டியா? காலி பண்ணாம தகராறு பண்ணுவீங்களே, அங்க பகடிகிகடின்னு என்னமோ இருக்காமே" என்று ஒரு அம்மா நேரடியாகவே கேட்டார். 1947-ன் சட்டம் எத்தனை கிலோமீட்டர் துரத்திக்கொண்டு வருகிறது, பாருங்கள். பம்பாயில் மதராஸியாக இருந்து தேறியவனுக்கு, சென்னையில் பம்பாய்க்காரனாகப் பரீட்சை.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு வீடு அமைந்தது. ஓனர் ரிட்டையர்டு ஆள், என் வயதுதான். கேட்கப்போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். ஊரைக் கேட்கவில்லை. மீன் பற்றிக் கேட்கவில்லை. அவர் வீட்டு ஜன்னலிலேயே வாசம் வந்துகொண்டிருக்கிறது என்று மகள் சொன்னாள். அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைத்தார். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் பையன் அமெரிக்காவிலிருந்து திரும்புகிறான். "கரெக்டா காலி பண்ணிருவீங்கள்ல?" என்றார்.

"அது எங்க கைல இல்லைங்க, செம்பூர் பில்டர் கைல இருக்கு" என்று மனைவி உள்ளதைச் சொன்னாள். அவர் விடவில்லை. பில்டர் ஆபீஸ் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் பாணி இங்கிலீஷில் அவரே போன் போட்டு விசாரித்திருக்கிறார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"பேசிட்டேன் சார். டிசம்பர்ல சாவி குடுத்துருவாங்களாம்."

"எந்த டிசம்பர்?"

"அதத்தான் நானும் கேட்டேன். சார் மீட்டிங்ல இருக்காருன்னு வச்சிட்டாங்க."

பதினோரு மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டோம்.